பேசிக்கொண்டே ஓடச் சொல்லும் என் தங்கை

என் தங்கை ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. அதே பள்ளிக்கூடத்து வேனை நான் ஓட்டுகிறேன். பிள்ளைகள் அவளை விசில் மிஸ் என்பார்கள். என்னை வேன் அண்ணா என்பார்கள். நாங்கள் அண்ணன் தங்கை என்று தெரிந்த பிள்ளைகள், அவளிடம் சொல்லத் துணியாததை என்னிடம் சொல்லி அனுப்புவார்கள்.

"வேன் அண்ணா, எனக்கு இன்னைக்குக் கால் வலின்னு மிஸ்கிட்ட சொல்லிடுங்க."

"எந்தக் கால்?"

"ரெண்டுல ஒண்ணு."

நான் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டவன். அவள் படித்தாள். உடற்கல்விக்கென்று வெளியூர் போய்த் தனியாகவும் படித்தாள். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறேன். யாராவது கதவை அறைந்து சாத்தினால் அது கொஞ்சம் சாயும். சாய்ந்த உடனே நேராக்கிவிடுவேன். அவளைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு வெகு நாளாக எண்ணம். நல்லதாக எழுத நிறைய இருக்கிறது. ஆனால் எங்கே தொடங்கினாலும் பஞ்சு என்ற அந்தப் பெண்ணிடம்தான் வந்து நிற்கிறது.

சிறு வயதில் என் தங்கை குண்டு. வீட்டில் அவளுக்கு உருண்டை என்று பெயர். யாரும் இல்லாதபோது நான் இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். பள்ளி விளையாட்டு விழாவில் எந்த ஓட்டத்திலும் அவளைச் சேர்க்க மாட்டார்கள். "நீ முடிவுக் கயிற்றைப் பிடிச்சுக்கோ" என்று ஓரமாக நிறுத்திவிடுவார்கள். ஒரு வருடம் நான் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். அவள் கயிற்றின் நுனியை என் கையில் திணித்துவிட்டு, நேராகத் தொடக்கக் கோட்டுக்குப் போய் மற்றவர்களோடு நின்றுகொண்டாள். மைதானத்தை நாலு முறை சுற்ற வேண்டிய ஓட்டம் அது. முதல் சுற்றில் எல்லாரும் சிரித்தார்கள். கடைசிச் சுற்றில் சிரிப்பதற்கு மூச்சு மிச்சம் இருந்தது, வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கு மட்டும்தான். அவள் நாலாவதாக வந்தாள். கயிறு என் கையில் இருந்ததால் இதை நிச்சயமாகச் சொல்கிறேன்.

எங்கள் அப்பா மாவு மில்லில் வேலை பார்த்தார். வீட்டுக்கு வரும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். அந்தத் தூசு நெஞ்சில் இறங்கி அவருக்கு இளைப்பு வந்தது. இந்தச் சொல்லை இங்கேயே விளக்கிவிடுகிறேன். மற்ற வீடுகளில் "இளைச்சுட்டியே" என்றால் உடம்பு மெலிந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் இளைப்பு என்றால் மூச்சு முட்டுவது. வேறு அர்த்தம் கிடையாது. அப்பா "எனக்கு இளைக்குது" என்று சொன்னால் அம்மா ஜன்னலைத் திறப்பாள், நான் வெந்நீர் வைப்பேன், தங்கை அவர் எதிரே உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பாள். "இன்னைக்கு மில்லுக்கு யாரு வந்தாங்கப்பா?" என்று கேட்பாள். அவர் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்துவிட்டால் பயமில்லை. பாதியில் நின்றுபோனால் நான் டாக்டரைக் கூப்பிட ஓட வேண்டும். பல முறை ஓடியிருக்கிறேன். கடைசி முறை நான் டாக்டரோடு திரும்பி வந்தபோது அவள் அதே இடத்தில் உட்கார்ந்து, அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தப் பழக்கத்தைத்தான் அவள் மைதானத்துக்குக் கொண்டுபோனாள். அவளிடம் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகத்தான் ஓட வேண்டும். ஓடும்போது பேசிக்கொண்டே ஓட வேண்டும். "பேச்சு நின்னா நீயும் நில்லு. நட. பேச்சு வந்ததும் ஓடு" என்பது அவள் சட்டம். சினிமாக் கதை, கணக்கு டீச்சர் மேல் குறை, யார் வீட்டு நாய் குட்டி போட்டது, எதுவும் பேசலாம். அவள் மேற்பார்வையில் மைதானம் பஸ் நிலையம் மாதிரி இரையும்.

"இது என்ன பி.டி. பீரியடா, சந்தையா?" என்று பிரின்சிபால் மேடம் ஒரு நாள் கேட்டார்கள்.

"சந்தைதான் மேடம். சத்தம் நின்னாத்தான் எனக்குப் பயம்" என்றாளாம் இவள்.

இன்னொரு சட்டமும் உண்டு. அவள் விசிலை ஒரே மூச்சில் நீட்டி ஊதினால், யார் எங்கே இருந்தாலும் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட வேண்டும். யாராவது விழுந்தால் மற்றவர்கள் மிதித்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த பழக்கம். பல வருடம் பழக்கியதில் அது பிள்ளைகளின் எலும்பில் ஏறிவிட்டது. ஒருமுறை அவள் விசிலைக் கழுவிவிட்டு ஊதிப் பார்த்தபோது வராந்தாவில் போன பையன்கள் புத்தகத்தோடு உட்கார்ந்தார்கள். வாட்ச்மேனும் உட்கார்ந்தார். எழுந்து, "சும்மா, கால் வலிச்சுது" என்றார்.

அவளிடம் ஓடியவர்களில் டிரம்மு என்று ஒரு பையன் இருக்கிறான். பெயரே ஆளைச் சொல்லிவிடும். அவன் மைதானத்தை ஆறு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் ஒரு முழுப் படத்தையும் சண்டைக்கான பின்னணி இசையோடு சொல்லி முடிப்பான். ஊசி என்று இன்னொருவன். காற்றடித்தால் பறந்துவிடுவான் போல இருப்பான், ஆனால் மாடிப்படி ஏறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். "கொழுப்பு வேற, தெம்பு வேற அண்ணா. பாத்தாத் தெரியாது. ஓட விட்டுக் கேட்டாத்தான் தெரியும்" என்பாள் என் தங்கை.

போன வருடம் பள்ளிக்கு ஒரு இயந்திரம் வந்தது. வெறுங்காலோடு அதன் மேல் ஏறி, இரண்டு பக்கமும் உள்ள பிடியைப் பிடித்து நின்றால், உடம்பில் கொழுப்பு நூற்றுக்கு எவ்வளவு என்று அது காட்டும். அதோடு ஒரு இளைஞரும் வந்தார். ஜிம்மில் பயிற்சி கொடுத்தவர். நல்ல பிள்ளை, யாரையும் கடிந்து பேச மாட்டார். அவருக்கு ஃபிட்னஸ் சார் என்று பெயர் வந்தது, இயந்திரத்துக்கு ஜோசியர் என்று பெயர் வந்தது. ஜோசியர் சொல்கிறபடி ஒவ்வொரு பிள்ளைக்கும் மணிக்கட்டில் ரப்பர் பட்டை மாட்டினார்கள். கொழுப்பு அதிகம் என்றால் சிவப்பு, நடுவாந்திரம் என்றால் மஞ்சள், சரியாக இருந்தால் பச்சை. பள்ளிக்குள் அதைக் கழற்றக் கூடாது.

முதல் நாள் வேனில் ஒரே கூத்து.

"டேய் டிரம்மு, ஜோசியர் உனக்கு என்னடா சொன்னாரு?"

"எனக்குக் கொழுப்பு ஜாஸ்தியாம். இதை எங்கம்மா தினமும் சும்மாவே சொல்றாங்க, அதுக்கு எதுக்குடா கரண்டு செலவு?"

"ஊசிக்குப் பச்சையாம்டா."

"அவன் ஏறுனது ஜோசியருக்கே தெரிஞ்சிருக்காது."

டிரம்மு சிவப்புப் பட்டையை விரலில் சுழற்றிக்கொண்டு சிரித்தான். எல்லாரும் அவன் மாதிரி இல்லை. இரண்டாவது வாரத்திலிருந்து, நல்ல வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு வருகிற பிள்ளைகளை நான் கண்ணாடியில் பார்த்தேன்.

என் தங்கை பிரின்சிபாலிடம் போய் நின்றாள். "மேடம், ஜோசியர், மன்னிக்கணும், அந்த மெஷின் கொழுப்பைத்தான் சொல்லுது. அந்தப் பிள்ளையால மூச்சு விட முடியுதான்னு சொல்லல. வளர்ற வயசு. இந்த வயசுல உடம்பு எடுக்கும், அப்புறம் உயரும். இதைக் கையில கட்டிவிடாதீங்க" என்றாள். மேடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு வேலை ஜாஸ்தியா இருக்கு டீச்சர்" என்றார்கள். அதன் பிறகு பெரிய வகுப்புகள் ஃபிட்னஸ் சாரிடம் போயின. என் தங்கைக்குச் சின்னப் பிள்ளைகளின் பந்து விளையாட்டும், விழா நாளில் கேட்டருகே கார்களை நிறுத்தச் சொல்லும் வேலையும் மிஞ்சின. மைதானத்தில் பேச்சு நின்றது. ஃபிட்னஸ் சார், பேசினால் சக்தி வீணாகும் என்று சொல்லிக்கொடுத்தார்.

பஞ்சு ஒன்பதாம் வகுப்பு. கன்னம் இரண்டும் பஞ்சு மாதிரி இருக்கும் என்று அந்தப் பெயர். அம்மா பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை, அப்பா இல்லை. வேனில் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்காருவாள். ஏறியதிலிருந்து இறங்கும் வரை பேசுவாள். யாரும் கேட்கவில்லை என்றால் கண்ணாடி வழியாக என்னிடம் பேசுவாள். "வேன் அண்ணா, அந்தக் கடை போர்டுல 'முடி திருத்தகம்'னு எழுதியிருக்கே, முடி என்ன தப்பு பண்ணுச்சு?" என்று ஒரு நாள் கேட்டாள். எனக்கு வண்டி ஓட்டவே முடியவில்லை. என் தங்கையின் பேச்சு ஓட்டத்தில் அவள்தான் கடைசி வரை வாய் மூடாதவள்.

அவளுக்குச் சிவப்பு கிடைத்தது.

முதல் பருவம் முடிவதற்குள் மஞ்சள் ஆயிற்று. எல்லாரும் கைதட்டினார்கள். ஃபிட்னஸ் சார் அவளை மற்ற வகுப்புகளுக்கு அழைத்துப்போய்க் காட்டினார். ஆசிரியைகள், "என்னடி பண்ணே, எங்களுக்கும் சொல்லேன்" என்றார்கள். அடுத்து பச்சை ஆயிற்று. அப்போதும் அவள் நிறுத்தவில்லை.

நான் மாலையில் வேனைக் கழுவிப் பெருக்கி, இருக்கை இருக்கையாகத் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். பிள்ளைகள் விட்டுப்போவது எனக்குப் பழக்கம்: பென்சில் சீவல், மிட்டாய்க் காகிதம், ஒற்றைச் சாக்ஸ். மூன்றாவது வரிசை ஜன்னலோரத்தில் நீளமான முடி சேர ஆரம்பித்தது. முதலில் ஒன்றிரண்டு. பிறகு துணியால் துடைத்தால் துணியில் சுற்றிக்கொண்டு வருகிற அளவுக்கு. அவள் சாப்பாட்டு டப்பா காலையிலேயே டிரம்முவின் பைக்குள் போவதையும் பார்த்தேன். "உனக்கு ஏன்டா அவ சாப்பாடு?" என்று கேட்டேன். "அவளுக்கு வேண்டாமாம் அண்ணா. கீழ கொட்டுறேன்னா, அதான் வாங்கிக்கிட்டேன்" என்றான். அவன் முகத்தில் எப்போதும் இருக்கும் சிரிப்பு இல்லை. மற்ற பிள்ளைகள் வியர்வையில் சட்டையைக் கிளப்பி விசிறிக்கொள்ளும் மதியத்தில் அவள் ஸ்வெட்டர் போட்டு, கைகளை அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பேச்சு முதலில் குறைந்தது. பிறகு, கேட்டால் மட்டும் பதில். பிறகு தலையசைப்பு.

இதையெல்லாம் நான் அன்றன்றைக்கே தங்கையிடம் சொன்னேன். அவள் பஞ்சுவைத் தேடிப் போனாள். பஞ்சு நல்ல பெண்ணாகச் சிரித்து, "சாப்பிட்டேன் மிஸ்" என்று சொல்லிவிட்டு நழுவினாள். இவள் பிரின்சிபாலிடம் போனாள். "அந்தப் ப்ரோக்ராம் உங்களுக்குப் பிடிக்கலைன்னு எல்லாருக்கும் தெரியும் டீச்சர். ஒரு பொண்ணு நல்லா வந்தா அதையும் பொறுக்க முடியலையா?" என்று மேடம் கேட்டார்கள். தங்கை வீட்டுக்கு வந்து, கைகழுவும் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. "அண்ணா, அந்தப் பொண்ணு கையைத் தொட்டேன். பாத்திரம் மாதிரி சில்லுன்னு இருக்கு" என்றாள்.

விளையாட்டு விழா வந்தது. சிவப்பிலிருந்து பச்சைக்கு வந்த பிள்ளைகள் மட்டும் ஓடிக் காட்டும் ஓட்டம் ஒன்றை விழாவின் முக்கிய நிகழ்ச்சியாக வைத்திருந்தார்கள். ஆறு சுற்று. பஞ்சு முன்னால் ஓட வேண்டும்.

விழாவுக்கு முந்தின நாள் மாலை, வேனில் பின்னாலிருந்து பெரிய சிரிப்பு. ஒத்திகை இன்னும் முடியாததால், ஓடுகிறவர்களைப் பிறகு பெரிய வேனில் அனுப்புவதாக இருந்ததால் பஞ்சு எங்களோடு இல்லை.

"என்னங்கடா, எனக்கும் சொல்லுங்க" என்றேன்.

ஊசிதான் சொன்னான். "ஒத்திகையில பஞ்சு நடுவுல நின்னுட்டா அண்ணா. 'சார், எனக்கு இளைக்குது'ன்னா. சார் உடனே, 'இளைக்கத்தானேம்மா ஓடுறே, ஓடு ஓடு'ன்னாரு. எல்லாரும் சிரிச்சிட்டோம். அவளும் சிரிச்சா."

டிரம்மு மட்டும், "அவ சிரிக்கலைடா. வாயைத் திறந்து வெச்சிருந்தா, அவ்வளவுதான்" என்றான்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது இதைத் தங்கையிடம் சொன்னேன். அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"என்ன சொன்னா? அவ சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லு."

"எனக்கு இளைக்குதுன்னாளாம்."

"இளைக்குதுன்னா அவ மூச்சைச் சொல்லியிருக்கா அண்ணா. இளைச்சிருக்கேன்னு சொல்லல. இளைக்குதுன்னு சொல்லியிருக்கா." அவள் சாப்பாட்டை அப்படியே விட்டு எழுந்தாள்.

ஃபிட்னஸ் சாரின் போன் அணைந்திருந்தது. மேடம் விழா வேலையில் இருந்தார்கள், எடுக்கவில்லை. பஞ்சுவின் அம்மா எடுத்தார். பின்னால் பேக்கிங் இயந்திரங்கள் தடதடத்தன. தங்கை போனைச் சத்தமாக வைத்திருந்ததால் நானும் கேட்டேன்.

"அம்மா, உங்க பொண்ணுக்கு இளைக்குதாமே?"

"ஆமா டீச்சர், நல்லா இளைச்சுட்டா. என்னாலயே நம்ப முடியல. இங்க எல்லாரும் என்னைக் கேக்குறாங்க, என்ன குடுத்தீங்கன்னு."

"அது இல்லம்மா. மூச்சு. மூச்சு வாங்குதாமே?"

"ஓடுனா மூச்சு வாங்கத்தானே செய்யும் டீச்சர்?"

"நாளைக்கு அவளை ஓட விடாதீங்க. முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. நான் கூட வர்றேன்."

அந்த அம்மா போனோடு ஓரமாக நகர்ந்திருக்க வேண்டும், இயந்திரச் சத்தம் குறைந்தது. குரலும் மாறியிருந்தது. "டீச்சர், அவ பிறந்ததுலேருந்து எல்லாரும் அவளைக் கேலிதான் பண்ணியிருக்காங்க. முதல் தடவையா நாளைக்குக் கைதட்டப் போறாங்க. நீங்க போய் இப்படிச் சொல்றீங்களே. காலையில பேசிக்கலாம், சூப்பர்வைசர் பாக்குறார்."

தங்கை போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "காலையில அவ வேன்ல ஏறுனதும் நேரா ஆஸ்பத்திரிக்கு விடு. யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லு" என்றாள்.

காலையில் தங்கையையும் ஏற்றிக்கொண்டு போய், பஞ்சுவின் தெருமுனையில் வேனை நிறுத்தி ஹாரன் அடித்தேன். யாரும் வரவில்லை. எதிர்வீட்டுக்காரர், "அந்தப் பொண்ணு எப்பவோ போயிருச்சே. நடந்தே போகுது. போற வழியில இன்னும் கொஞ்சம் குறையுமாம்" என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பஞ்சு அலங்காரப் பந்தலுக்குப் பின்னால், புது உடுப்பில், விருந்தினருக்குப் பூங்கொத்து கொடுக்கும் வரிசையில் நின்றிருந்தாள். மேடமும் ஃபிட்னஸ் சாரும் பக்கத்தில். தங்கை போய்ப் பேசினாள். தூரத்திலிருந்து எனக்குச் சைகைதான் தெரிந்தது. மேடம் சிரித்த முகத்தோடு தலையை ஆட்டினார்கள். ஃபிட்னஸ் சார் கைக்கடிகாரத்தைக் காட்டினார். பஞ்சு தரையைப் பார்த்தாள். தங்கை திரும்பி வந்தாள்.

"டாக்டர் எழுதிக் குடுத்தா நிறுத்துறாங்களாம். என்னைக் கேட்டைப் பாத்துக்கச் சொல்லிட்டாங்க." சொல்லிவிட்டு அவள் சுற்றிலும் பார்த்தாள். "வேனைத் திருப்பி ரோட்டைப் பாத்து நிறுத்து. முன்னாடி எந்தக் காரையும் நான் விட மாட்டேன். சாவியை வண்டியிலேயே வை."

நான் அப்படியே செய்தேன். நடு வரிசை இருக்கையின் சாய்மானத்தை மடித்து, ஒரு ஆள் படுக்கிற மாதிரி செய்து வைத்தேன். அவள் சொல்லவில்லை. நானாகச் செய்தேன்.

ஓட்டம் தொடங்கியது. பாதை கேட்டருகே வளைந்து திரும்பும். வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். பன்னிரண்டு பதின்மூன்று பிள்ளைகள். காலடிச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. என் தங்கையிடம் ஓடிய பிள்ளைகள் இப்படி வாயை மூடி ஓடி நான் பார்த்ததில்லை. பஞ்சு முன்னால் வந்தாள். மேடையில் மைக்கில் அவள் பெருமையைச் சொன்னார்கள். கூட்டம் கைதட்டியது.

தங்கை வேலியோரமாக அவளோடு நடந்தாள். "பஞ்சு, காலையில என்ன சாப்பிட்டே?"

பஞ்சு திரும்பிப் பார்த்தாள். பதில் இல்லை. போய்விட்டாள்.

இரண்டாவது சுற்றில், "எதையாவது சொல்லும்மா. நேத்து என்ன படம் பாத்தே?"

சிரிக்கப் பார்த்தாள். உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது.

மூன்றாவது சுற்றில் என் தங்கை வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உன் பேரைச் சொல்லு. பேரை மட்டும் சொல்லு."

"மிஸ், எனக்கு..." என்றாள் பஞ்சு. அதற்கு மேல் வரவில்லை.

அந்த நின்றுபோன வாக்கியத்தை எனக்குத் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். என் கால்கள் தாமாக ஓடப் பார்த்தன, டாக்டரைக் கூப்பிட.

தங்கை விசிலை வாயில் வைத்து, ஒரே மூச்சில், நீட்டி ஊதினாள்.

மைதானம் முழுக்க உட்கார்ந்தது. ஓடிக்கொண்டிருந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அணிவகுப்புக்கு நின்ற சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள், பாண்டு வாத்தியக்காரப் பையன்கள் வாத்தியத்தோடு உட்கார்ந்தார்கள், என் பக்கத்தில் வாட்ச்மேன் உட்கார்ந்தார். மேடையில் மேடத்தின் பேச்சு பாதியில் நின்றது. அவ்வளவு பெரிய மைதானத்தில் ஒரே ஒரு பிள்ளை மட்டும் நின்றுகொண்டிருந்தாள். எங்கே உட்காருவது என்று தேடுகிறவள் போல இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு முழங்கால் மடிந்து, பக்கவாட்டில் சரிந்தாள். அவள் மேல் யாரும் இடறவில்லை.

தங்கை வேலியைத் தாண்டியது எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நாங்கள் தூக்கினோம். ஒன்பதாம் வகுப்புப் பெண். என் கையில் ஒரு பள்ளிப்பை அளவுக்குக்கூடப் பாரம் தெரியவில்லை. வேனில் வழி முழுக்க என் தங்கை பேசிக்கொண்டே வந்தாள். "பஞ்சு, அந்தக் கடை போர்டைப் பாரு. முடி என்ன தப்பு பண்ணுச்சு? சொல்லு. முடி என்ன தப்பு பண்ணுச்சு?" நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. அதே கேள்வி திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. எங்கள் பழைய வீட்டு முன்னறையில் இருப்பது போல இருந்தது.

ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் பஞ்சுவின் அம்மாவை வெளியே அழைத்து வந்து சொன்னார். கம்பெனிக் குல்லாயைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார் அந்த அம்மா. "கொழுப்பு எவ்வளவு குறைஞ்சுதுன்னு எல்லாரும் பாத்திருக்கீங்க. சாப்பிடாம இருந்தா, கொழுப்போட சேத்து உடம்பு சதையையும் கரைக்கும். இதயமும் சதைதாம்மா. இப்போ ரொம்ப மெதுவா அடிக்குது. உப்புச் சத்தும் இறங்கியிருக்கு. இந்த நிலையில ஓடியிருக்கா." அந்த அம்மா குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக் கசக்கினார். "எல்லாரும் நல்லா இருக்கான்னு சொன்னாங்களே டாக்டர்" என்றார். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னார்.

இரண்டு நாள் அங்கேயே இருந்தோம். எதுவும் நிச்சயமில்லை என்றார்கள். பிறகு ஒரு மதியம் பஞ்சு கண்ணைத் திறந்து நன்றாகப் பார்த்தாள். முதலில் அம்மாவைத் தேடவில்லை. ஒரு கையால் இன்னொரு மணிக்கட்டைத் தடவினாள். ஊசி குத்துவதற்காக நர்ஸ் அந்தப் பட்டையை வெட்டி எடுத்திருந்தார்.

"மிஸ், என் பச்சைப் பட்டை எங்க? நான் ஆறு சுத்து முடிக்கலைன்னு மறுபடி சிவப்பு போட்டுடுவாங்களா?"

என் தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "முழு வாக்கியம் பேசிட்டே. நிறுத்தாமப் பேசிட்டே. எனக்கு அது போதும்மா" என்றாள்.

விழாவைக் குலைத்ததற்காக அவளிடம் விளக்கம் கேட்டார்கள். பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஃபிட்னஸ் சார் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். சான்றிதழைப் பார்த்துக்கொண்டே வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். "ஜிம்முல யாராவது 'இளைக்குது சார்'னு சொன்னா நாங்க கை தட்டுவோம் டீச்சர். எனக்கு அந்த ஒரு அர்த்தம்தான் தெரியும்" என்றார். என் தங்கை அவருக்கு டீ கொடுத்தாள். அடுத்த வாரத்திலிருந்து பெரிய வகுப்புகளை இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கிறார்கள். அவரும் பேசிக்கொண்டே ஓடப் பழகுகிறார். டிரம்மு அவருக்கு ஜோடி. "சாருக்குக் கதை சொல்லவே வரலை அண்ணா. வில்லனை முதல் சீன்லயே கொன்னுடறாரு" என்கிறான்.

பட்டைகள் போய்விட்டன. ஜோசியரை ஒரு துணி போட்டு மூடி, ஆசிரியர் அறையின் மூலையில் வைத்திருக்கிறார்கள், திருப்பி அனுப்பவில்லை. பஞ்சு மூன்று மாதம் கழித்துப் பள்ளிக்கு வந்தாள். ஓட இன்னும் அனுமதியில்லை. காலையில் என் தங்கையோடு மைதானத்தை ஒரு சுற்று நடக்கிறாள். ஒரு நாள் நடுவில் பேச்சு நின்றுவிட்டதாம். என் தங்கை அங்கேயே நின்று அவள் கையைப் பிடித்திருக்கிறாள். "மூச்செல்லாம் இருக்கு மிஸ். பேசத்தான் ஒண்ணும் இல்லை" என்றாளாம் பஞ்சு. அதைச் சொல்லும்போது என் தங்கை சிரித்தாள். ஆனால் அன்று ராத்திரி சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை.

பட்டை இல்லாவிட்டாலும் பிள்ளைகளுக்கு யார் என்ன நிறம் என்று ஞாபகம் இருக்கிறது. போன வாரம் வேனில், ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி பக்கத்தில் இருப்பவளிடம் மெதுவாகச் சொன்னாள், "நான் காலையிலேருந்து ஒண்ணுமே சாப்பிடல தெரியுமா." ஏதோ பரிசு வாங்கியதைச் சொல்வது போல இருந்தது அந்தக் குரல். அவள் இறங்கியதும் தங்கைக்குப் போன் செய்து, எந்தப் பிள்ளை, எந்த இருக்கை என்று சொன்னேன்.

வேனில் நான் பாட்டுப் போடுவதை நிறுத்திவிட்டேன். பிள்ளைகள் கேட்டால் ரேடியோ கெட்டுப்போச்சு என்கிறேன். அவர்கள் கத்தட்டும், சண்டை போடட்டும், ஒருவரை ஒருவர் கேலி செய்யட்டும். எந்த வரிசையிலாவது சத்தம் நின்றால் எனக்குக் கேட்க வேண்டும்.